சதுரங்கப் பலகையின் பேரெண்

சதுரங்க ஆட்டத்தைக் கண்டுபிடித்த அறிஞன் அரசனிடம் பரிசு கேட்ட கதையைக் கேளாதவர் அரியர். முதற் கட்டத்திற்கு ஒரு தானிய மணி, இரண்டாம் கட்டத்திற்கு இரண்டு, மூன்றாம் கட்டத்திற்கு நான்கு என்று, ஒவ்வொரு கட்டத்திற்கும் முன்னதைப் போல் இருமடங்காக அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் தானியம் தரவேண்டும் என்றான் அவ்வறிஞன். இவ்வளவு எளிய பரிசா என்று நகைத்த அரசன், களஞ்சியங்கள் அனைத்தும் வெறுமையாகியும் கடன் தீராதது கண்டு திகைத்தான். சிஸ்ஸா என்னும் அறிஞன் பெயரோடு இக்கதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு கல்லிக்கான் என்னும் அரபு ஆசிரியர் எழுதி வைத்துள்ளார். கேரளத்து அம்பலப்புழையில் இதே கதை கண்ணன் மீது ஏற்றிச் சொல்லப்படுகிறது. முனிவர் வேடத்தில் வந்து அரசனைச் சதுரங்கத்தில் வென்ற கண்ணனுக்குப் பட்ட கடனைத் தீர்க்கவே அங்குள்ள கோயிலில் பால் பாயசம் வழங்கப்படுகிறது என்பது அவ்வூர் மரபு.

கதை அரசனின் திகைப்போடு முடிந்துவிடுகிறது. கேட்டவர்களும் "அம்மாடி, எவ்வளவு பெரிய எண்!" என்று வியந்து அதனை மறந்துவிடுகிறார்கள். அந்த எண் இதுதான்:

18,446,744,073,709,551,615

இருபது இலக்கங்கள் கொண்ட இவ்வெண், தமிழ் வழக்கில் சொன்னால் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடிக்கும் சற்று மிகுதி. ஆனால் பெருமை என்பது அளவில் மட்டும் இருக்குமானால், இதன் வலப்புறம் ஒரு சுழியைச் சேர்த்து எவரும் இதனினும் பெரிய எண்ணை எழுதிவிடலாம். இப்பேரெண்ணின் உண்மையான சிறப்பு அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. அதனைப் பிரித்துப் பார்த்தால், பெரும் கணித மேதை ஒருவர் செய்த பிழையும், அப்பிழையை வெளிப்படுத்திய இளைஞரின் திறமையும், பதினெட்டு வயது மாணவன் ஒருவனின் பெருங் கண்டுபிடிப்பும் உள்ளே காத்திருப்பதைக் காணலாம்.

கணக்கிடும் வழி

அறுபத்து நான்கு எண்களை எழுதிக் கூட்டவேண்டிய தேவையே இல்லை. பலகைக்கு வெளியே ஒரு மணி மிகையாக இருப்பதாகக் கொள்க. அதனோடு முதற் கட்டத்தின் ஒன்றைச் சேர்த்தால் இரண்டு. இரண்டாம் கட்டத்தின் இரண்டைச் சேர்த்தால் நான்கு. மூன்றாம் கட்டத்தின் நான்கைச் சேர்த்தால் எட்டு. இவ்வாறு ஒவ்வொரு கட்டத்தைச் சேர்க்கும்போதும் மொத்தம் இரட்டித்துக்கொண்டே போகும். அறுபத்து நான்கு கட்டங்களும் முடிந்தபின் கிடைப்பது இரண்டை அறுபத்து நான்கு முறை பெருக்கிய தொகை, அதாவது 2-இன் 64-ஆம் அடுக்கு. மிகையாக வைத்த ஒரு மணியைக் கழித்துவிட்டால் நம் பேரெண் வந்துவிடும்.

அறுபத்து நான்கு முறை பெருக்குவதும் தேவையில்லை. 2-ஐ அதனாலேயே பெருக்கினால் 4, 4-ஐ அதனாலேயே பெருக்கினால் 16, அவ்வாறே 256, பின்னர் 65,536, பின்னர் 4,294,967,296, ஆறாவது பெருக்கலில் 18,446,744,073,709,551,616. ஆறே பெருக்கல்களில் வேலை முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில் எழுதிய தம் நூலில் பேரறிஞர் அல்பிரூனி இக்கூட்டுத்தொகையை ஆராய்ந்திருக்கிறார்.

நாற்பது அரிசி மணிகள் ஒரு கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், அறிஞன் கேட்ட பரிசு ஏறத்தாழ 46,000 கோடி டன் ஆகும். உலகம் முழுவதும் இக்காலத்தில் ஓராண்டில் விளையும் அரிசி சுமார் 50 கோடி டன். அதில் ஒரு பருக்கையும் உண்ணாமல் ஒன்பது நூற்றாண்டுகள் சேர்த்து வைத்தால்தான் அரசன் கடன் தீரும்.

பொன் தட்டுகளின் கணக்கு

இதே எண் வேறொரு வேடத்திலும் தோன்றுகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூக்காஸ் 1883-ஆம் ஆண்டில் "ஹனோய் கோபுரம்" என்னும் விளையாட்டை வெளியிட்டார். மூன்று கம்பங்கள், அவற்றுள் ஒன்றில் பெரியது கீழும் சிறியது மேலுமாக அடுக்கிய தட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு தட்டையே எடுக்கவேண்டும். சிறிய தட்டின்மேல் பெரியதை வைத்தல் கூடாது. இவ்விதிகளின்படி முழு அடுக்கையும் வேறொரு கம்பத்திற்கு மாற்றவேண்டும். காசியில் ஒரு கோயிலில் அறுபத்து நான்கு பொன் தட்டுகளை அர்ச்சகர்கள் இவ்வாறு மாற்றி வருகிறார்கள் என்றும், வேலை முடியும் நாளில் உலகம் முடியும் என்றும் ஒரு கற்பனைக் கதையும் இவ்விளையாட்டோடு பரவியது.

அடித்தட்டை நகர்த்த வேண்டுமானால் அதன் மேலுள்ள எல்லாத் தட்டுகளையும் முதலில் நடுக்கம்பத்திற்கு மாற்றவேண்டும். பின்னர் அடித்தட்டு ஒருமுறை நகரும். அதன்பின் மற்றவற்றை மீண்டும் ஒருமுறை மாற்றவேண்டும். ஆகவே, ஒரு தட்டு கூடும்போது நகர்த்தல்களின் எண்ணிக்கை இருமடங்கும் ஒன்றும் ஆகிறது: 1, 3, 7, 15, 31 என்று அது வளரும். சதுரங்கப் பலகையின் கூட்டுத்தொகைகளும் இவையே. எனவே அறுபத்து நான்கு தட்டுகளுக்கு வேண்டிய நகர்த்தல்கள் நம் பேரெண்ணே ஆகும். நொடிக்கு ஒன்றாக இரவு பகல் ஓயாமல் நகர்த்தினால் ஏறத்தாழ 58,400 கோடி ஆண்டுகள் செல்லும். அண்டத்தின் வயதென்று வானியலார் கணித்திருப்பது சுமார் 1,380 கோடி ஆண்டுகளே.

பலகையே காட்டும் காரணிகள்

இனி எண்ணின் உள்ளே புகுவோம். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் வகுபடாத, ஒன்றினும் பெரிய எண் பகா எண் எனப்படும். இருபது இலக்க எண் ஒன்றைக் காரணிகளாகப் பிரிப்பது பொதுவாக மலைப்பூட்டும் வேலை. இவ்வெண்ணுக்கோ சதுரங்கப் பலகையே வழிகாட்டுகிறது.

முதல் இரண்டு கட்டங்களில் உள்ளவை 1 + 2 = 3 மணிகள். அடுத்த இரண்டு கட்டங்களில் இருப்பது இதைப்போல் நான்கு மடங்கு. ஆகவே நான்கு கட்டங்களின் மொத்தம் 3-இன் ஐந்து மடங்கு, அதாவது 15. அதற்கடுத்த நான்கு கட்டங்களில் இருப்பது இதைப்போல் பதினாறு மடங்கு. எனவே முதல் வரிசை எட்டுக் கட்டங்களின் மொத்தம் 15 × 17 = 255. இரண்டாம் வரிசை முதல் வரிசையைப்போல் 256 மடங்கு; இரண்டு வரிசைகளின் மொத்தம் 255 × 257 = 65,535. அடுத்த இரண்டு வரிசைகள் இதைப்போல் 65,536 மடங்கு; ஆகவே பாதிப் பலகையின் மொத்தம் 65,535 × 65,537 = 4,294,967,295. மறு பாதியில் இருப்பது முதற் பாதியைப்போல் 4,294,967,296 மடங்கு. ஆக, முழுப் பலகையின் மொத்தம்:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297

இந்த ஆறு எண்களுக்கும் ஒரே சாயல் இருப்பதை நோக்குக. 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296 என்று முன்னர்க் கண்ட வர்க்கத் தொடரில் ஒவ்வொன்றோடும் 1 சேர்த்தால் இவை வருகின்றன. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது எத்தகையது? இக்கேள்விதான் ஐரோப்பியக் கணித உலகில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் விடையின்றிக் கிடந்தது.

பெர்மாவின் நம்பிக்கை

பிரான்ஸ் நாட்டுத் துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் அலுவல் பார்த்த பியர் டி பெர்மா, ஓய்வு நேரத்தில் கணிதம் பயின்று உலகப் புகழ் பெற்றவர். மேற்கண்ட வரிசை எண்களை ஆராய்ந்த அவர், இவை அனைத்தும் பகா எண்களே என்று 1640-ஆம் ஆண்டுக் கடிதங்களில் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டாலும் அதன் உண்மையில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. இன்றும் இவை பெர்மா எண்கள் என்றே வழங்குகின்றன.

அவர் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனையில் தேறிவிட்டன. ஆறாவது எண்ணோ பத்து இலக்கங்கள் கொண்டது. அதன் வர்க்கமூலம் 65,536-ஐ ஒட்டியது. கண்மூடித்தனமாகச் சோதிப்பதென்றால் அதுவரையுள்ள ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பகா எண்கள் ஒவ்வொன்றாலும் கையால் வகுத்துப் பார்க்கவேண்டும். பெர்மா 1665-இல் மறைந்தார். அவர் கூற்றை மெய்ப்பித்தவரும் இல்லை; மறுத்தவரும் இல்லை.

ஆய்லர் கண்ட 641

1729-ஆம் ஆண்டு டிசம்பரில் கோல்டுபாக் என்னும் அறிஞர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் லியோனார்டு ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். பெர்மாவின் இக்கூற்றைத் தாங்கள் அறிவீர்களா என்று அக்கடிதத்தின் முடிவில் ஒரு வினா இருந்தது. ஆய்லர் முதலில் இதில் அவ்வளவு நாட்டம் காட்டவில்லை. பின்னர் ஆராயத் தொடங்கி, 1732-ஆம் ஆண்டில், தம் இருபத்தைந்தாம் வயதில் விடையைக் கூறினார்:

4,294,967,297 = 641 × 6,700,417

பெர்மா கூறியது பிழை! ஆயிரக்கணக்கான வகுத்தல்களில் சிக்காமல் 641 எவ்வாறு அகப்பட்டது? ஆறாம் பெர்மா எண்ணுக்குக் காரணி இருக்குமானால், அஃது 64-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்த எண்ணாகவே இருக்கமுடியும் என்பதை ஆய்லர் நிறுவிக் காட்டினார். அவ்வடிவிலுள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்கின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே மீதி சுழியாகிறது. பின்னாளில் லூக்காஸ் இவ்விதியை மேலும் கூர்மையாக்கி, காரணி 128-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்று காட்டினார். அப்போது 257-க்கு அடுத்தது 641-தான். இரண்டாவது வகுத்தலிலேயே வேலை முடிகிறது.

641 மீதியின்றி வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தல் இல்லாமலே காணலாம். பள்ளி மாணவரும் இதனைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். 640 என்பது 5 × 128. ஆகவே 640-இன் நான்காம் அடுக்கு, 5-இன் நான்காம் அடுக்காகிய 625-ஐயும் 128-இன் நான்காம் அடுக்காகிய 268,435,456-ஐயும் பெருக்கியதாகும். 625-ஐ 641 − 16 என்று எழுதுக. 16-ஐ 268,435,456-ஆல் பெருக்கினால் 4,294,967,296 வரும். எனவே,

640-இன் நான்காம் அடுக்கு = 641 × 268,435,456 − 4,294,967,296

இதனை இடம் மாற்றி எழுதி இருபுறமும் ஒன்றைக் கூட்டினால்,

4,294,967,297 = 641 × 268,435,456 − (640-இன் நான்காம் அடுக்கு − 1)

வலப்புறத்து முதற்பகுதி வெளிப்படையாகவே 641-இன் மடங்கு. அடைப்புக்குள் உள்ளதோ (640 − 1), (640 + 1), (640-இன் வர்க்கம் + 1) ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். நடுவில் நிற்பது 641. இரு பகுதிகளும் 641-ஆல் வகுபடுவதால் அவற்றின் வேறுபாடும் வகுபடும். பெர்மாவின் கூற்று இந்த நான்கு வரிகளில் சாய்ந்துவிடுகிறது.

எஞ்சிய 6,700,417 பகா எண்தானா? லூக்காஸ் விதிப்படி 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து எண்களால் மட்டுமே வகுத்துப் பார்த்தால் போதும். ஏனெனில் இதன் வர்க்கமூலம் 2,589-க்கும் குறைவு. ஐந்தில் எதுவும் வகுக்கவில்லை; ஆகவே அது பகா எண்ணே. இப்போது நம் பேரெண் முற்றிலும் பிரிந்துவிட்டது:

3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417

ஏழு பகா எண்கள். ஒன்றேனும் இருமுறை வரவில்லை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால், இவற்றால் அமையும் காரணிகள் மொத்தம் இரண்டை ஏழு முறை பெருக்கிய 128 ஆகும். அதுவோ சதுரங்கப் பலகையின் எட்டாம் கட்டத்தில் இருக்கும் மணிகளின் எண்ணிக்கை.

பதினெட்டு வயது மாணவன்

பிழையாகிப்போன கூற்று என்று பெர்மா எண்களைக் கணித உலகம் ஒதுக்கிவிடவில்லை. கவராயமும் அளவு குறியாத நேர்கோலும் மட்டும் கொண்டு ஒழுங்குப் பலகோணங்களை வரைவது பண்டைய கிரேக்கர் தொடங்கிய கலை. மூன்று, ஐந்து, பதினைந்து பக்கங்கள் கொண்டவற்றையும், பக்கங்களை இரட்டித்துப் பெறுபவற்றையும் அவர்கள் வரைந்தனர். அதற்குமேல் இரண்டாயிரம் ஆண்டுகளாக எவரும் செல்லவில்லை.

1796-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள், பத்தொன்பது வயது நிரம்பாத கார்ல் பிரீட்ரிக் காஸ் என்னும் ஜெர்மன் மாணவர், பதினேழு பக்கப் பலகோணத்தை அவ்வாறு வரையமுடியும் என்று கண்டுபிடித்தார். மொழியியல் பயில்வதா கணிதம் பயில்வதா என்று தயங்கிக்கொண்டிருந்த அவரைக் கணிதத்தின் பக்கம் திருப்பியது இக்கண்டுபிடிப்பே. பக்கங்களின் எண்ணிக்கை பகாப் பெர்மா எண்ணாகவோ, வெவ்வேறு பகாப் பெர்மா எண்களின் பெருக்கற்பலனாகவோ இருந்தால் பலகோணத்தை வரையலாம் என்று 1801-இல் வெளிவந்த தம் நூலில் அவர் கூறினார். வேறு ஒற்றைப்படை எண்களுக்கு வரைய இயலாது என்பதை 1837-இல் பிரெஞ்சு அறிஞர் வாண்ட்செல் நிறுவினார்.

அறியப்பட்ட பகாப் பெர்மா எண்கள் ஐந்தே. ஐந்தையும் பெருக்கினால் 4,294,967,295 வருகிறது. இது பாதிச் சதுரங்கப் பலகையின் மொத்தமே! ஆகவே வரையத்தக்க ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களுள் இதுவரை அறியப்பட்ட மிகப் பெரியது எத்தனை பக்கம் கொண்டது என்று கேட்டால், பலகையின் முதல் நான்கு வரிசைகளில் உள்ள அரிசி மணிகளை எண்ணிக்கொள்க என்று விடை சொல்லலாம்.

அண்டை வீட்டு எண்

நம் பேரெண்ணோடு இரண்டைக் கூட்டினால் ஏழாம் பெர்மா எண் கிடைக்கும். இது தற்செயலன்று. 3 + 2 = 5; 3 × 5 + 2 = 17; 3 × 5 × 17 + 2 = 257. இவ்வாறு ஒவ்வொரு பெர்மா எண்ணும் தனக்கு முந்தியவை அனைத்தின் பெருக்கற்பலனோடு இரண்டு சேர்ந்தது. எனவே இரு பெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி ஒன்று இருக்குமானால் அஃது இரண்டையும் வகுக்கவேண்டும். இவையெல்லாம் ஒற்றைப்படை எண்கள் ஆதலால் அது நடவாது. ஒவ்வொரு பெர்மா எண்ணும் புதிய பகா எண்ணைக் கொண்டுவருவதால் பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். இவ்வழியைக் கோல்டுபாக் 1730-இல் ஆய்லருக்கு எழுதினார். பெர்மாவின் எண்கள் எல்லாமே பகா எண்களாக இல்லாமற்போனாலும், பகா எண்களின் முடிவின்மைக்கு அவையே சான்றாகி நிற்கின்றன.

அந்த ஏழாம் எண் 274,177 × 67,280,421,310,721 என்று பிரிவதை லாண்ட்ரி என்னும் பிரெஞ்சுக்காரர் 1880-இல் வெளியிட்டார். அதற்குப்பின் கணினிகள் துணைக்கு வந்தன. வரிசையில் ஆறாவது முதல் முப்பத்து மூன்றாவது வரையுள்ள பெர்மா எண்கள் ஒன்றேனும் பகா எண் அன்று என்பது உறுதியாகிவிட்டது. பெர்மா சோதித்த ஐந்துக்கு அப்பால் ஒரு பகாப் பெர்மா எண்ணும் இதுவரை அகப்படவில்லை. அதற்காக, இனி ஒன்றும் இல்லவே இல்லை என்று எவரும் அறுதியிட்டுக் கூறுவதில்லை. அதற்கும் நிறுவல் வேண்டுமே!

கணினியின் நிறைகுடம்

இன்று இப்பேரெண் மக்களின் மேசைகளிலும் சட்டைப்பைகளிலும் வாழ்கிறது. கணினி எல்லா எண்களையும் 0, 1 என்னும் இரு குறிகளாலேயே எழுதுகிறது. இக்காலக் கணினிகள் ஓர் எண்ணுக்குப் பெரும்பாலும் அறுபத்து நான்கு இடங்களை ஒதுக்குகின்றன. எல்லா இடங்களிலும் 1 நிறைந்திருந்தால் அது நம் பேரெண். கட்டத்துக்கு ஓர் இடமாகச் சதுரங்கப் பலகையே அங்குக் குடியேறியது போலாம். அதனோடு ஒன்றைக் கூட்டினால், ஓடிய தூரம் காட்டும் வண்டிக் கருவி 99999-க்குப் பின் சுழிக்குத் திரும்புவதுபோல் எல்லா இடங்களும் 0 ஆகிவிடும்.

முப்பத்திரண்டு இடங்களோடு நிறுத்திக்கொண்டதால் வந்த இடர்ப்பாடும் உண்டு. இணையத்தில் சேரும் கருவிகளுக்கு முதலில் வகுத்த முகவரி முறையில் 4,294,967,296 முகவரிகளே இருந்தன. நானூறு கோடிக்கு மேல் எதற்கு என்று தோன்றிய அந்தக் கையிருப்பு, 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக மையக் களஞ்சியத்தில் தீர்ந்துபோயிற்று. பாதிப் பலகை போதும் என்று கருதியவர்கள் கதையில் வந்த அரசனின் நிலையை அடைந்தனர்.

அரசன் செய்த பிழையும் பெர்மா செய்த பிழையும் ஒரே வகையைச் சேர்ந்தவை. முதற் சில கட்டங்களைப் பார்த்து மற்றக் கட்டங்களும் அவ்வாறே சிறியனவாக இருக்கும் என்று அரசன் எண்ணினான். முதல் ஐந்து எண்களைப் பார்த்து மற்றவையும் அவ்வாறே பகா எண்களாக இருக்கும் என்று பெர்மா எண்ணினார். ஐந்து முறை மெய்யாக இருந்தது ஆறாம் முறை பொய்யாகலாம். அதனைப் பொய்யாக்க 641 என்னும் சிறிய எண் ஒன்றே போதும். கண்டது எத்தனை ஆயினும், காணாததற்கு அஃது உறுதி ஆகாது. நிறுவல் வேண்டும் என்று கணிதம் பிடிவாதம் பிடிப்பது இதனாலேதான்.